38,000 ரூபாய் பில்லுக்கு 25,225 ரூபாய்தான் வந்தது: இனி தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: உங்கள் 1,197 சி.சி. பெட்ரோல் காருக்கு ஆறு ஆண்டு முடியப்போகிறது. பத்து மாதங்களுக்கு முன் முன்பக்கம் இடிபட்டபோது பட்டறைப் பில் 38,000 ரூபாய் ஆனது. ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ இருந்தும் நிறுவனம் கொடுத்தது 25,225 ரூபாய். இப்போது பாலிசியைப் புதுப்பிக்க விசாரித்தால் ஒரே காருக்கு ஒருவர் 6,200, ஒருவர் 9,400, இன்னொருவர் 13,800 என்கிறார்கள். இவர்கள் ஏமாற்றுகிறார்களா, பேசாமல் பிறருக்கு ஏற்படும் இழப்பை மட்டும் காக்கும் தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: சென்ற முறை பணம் எந்தக் கணக்கில் குறைந்தது என்பது ஒன்று, இனிமேல் கட்டும் பிரீமியம் எந்த இழப்புக்காகக் கட்டப்படுகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஏறக்குறைய உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவது உங்கள் கையிருப்பையும் காரை நீங்கள் ஓட்டும் விதத்தையும் பொறுத்தது. நான் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயராக, அதாவது வாகனச் சேதத்தை மதிப்பிடுபவனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன்; வழக்கறிஞன் அல்லன். உங்கள் சர்வே அறிக்கையை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் பில் விவரத்தையும் மூன்று விலைப்பட்டியல்களையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

பில்லை எடுத்துக்கொள்வோம். தனியார் கார்களுக்கான பாலிசியின் அடிப்படை வாசகம் நம் நாட்டில் எல்லா நிறுவனங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். பழைய பாகத்தைக் கழற்றிப் புதுப் பாகம் போடும்போது, பழையது தேய்ந்த அளவுக்கான விலையை உரிமையாளர் ஏற்க வேண்டும் என்பது அதன் விதி. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குக் கார் நேற்று வாங்கியதாக இருந்தாலும் 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் கிளாஸுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. இரும்புப் பாகங்களுக்கு மட்டும் காரின் வயதைப் பார்ப்பார்கள்: முதல் ஆறு மாதம் கழிவில்லை, பிறகு படிப்படியாக ஏறி, ஐந்து ஆண்டு கடந்தால் 40 சதவீதம், பத்து ஆண்டு கடந்தால் 50 சதவீதம். விபத்து நடந்த அன்று உங்கள் கார் ஐந்தைக் கடந்துவிட்டது. பம்பர் 4,000, கிரில் 1,500, ஹெட்லைட் 6,000 ஆகிய மூன்றும் பிளாஸ்டிக் கணக்கில் பாதியாகி 5,750 ரூபாய். பானெட் 8,000, ஃபெண்டர் 3,000 ஆகிய இரண்டும் 40 சதவீதம் போய் 6,600 ரூபாய். டிங்கரிங், கழற்றி மாட்டும் கூலி 6,500 ரூபாய்க்குக் கழிவில்லை. பெயின்டிங் 9,000 ரூபாயில் கால் பங்கைப் பெயின்டின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பது விதி. அப்படி 1,125 ரூபாய் போக 7,875 ரூபாய். எல்லாம் கூட்டினால் 26,725. இதில் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000 ரூபாயும், பட்டறையிலேயே விட்டுவிட்ட பழைய பானெட், ஃபெண்டரின் காயலான் கடை மதிப்பாக 500 ரூபாயும் போனால், உங்கள் கைக்கு வந்த 25,225 ரூபாய் பைசா பிசகாமல் வந்துவிடுகிறது. ஆகவே சென்ற ஆண்டு உங்களை யாரும் ஏமாற்றவில்லை. பாலிசி விற்றவர் இந்தக் கணக்கை முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயமானதுதான், அது போய்ச் சேர வேண்டிய இடம் அதுவே.

இந்தத் தேய்மானக் கழிவு வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் ‘ஜீரோ டெப்’ அல்லது ‘பம்பர் டு பம்பர்’ என்னும் கூடுதல் காப்பு இருக்கிறது. அது இருந்திருந்தால் கழிந்த 11,275 ரூபாயும் உங்களுக்குக் கிடைத்திருக்கும். 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம் அப்போதும் போயிருக்கும். பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டு வரையுள்ள கார்களுக்கே இதைத் தருகின்றன. சில அதற்கு மேலும் தருகின்றன, ஆனால் ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று எண்ணிக்கையைக் கட்டிவிடுகின்றன. இன்ஜின் ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டு போன்றவை ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்ற வேறு கணக்கில் வருவதால் ஜீரோ டெப் வாங்கியவர்களும் பில்லில் சிறு தொகை கட்டிவிட்டு வருத்தப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

இனி மூன்று விலைகளுக்கு வருகிறேன். ஒரு பாலிசிக்குள் இரண்டு தனித்தனிக் காப்புகள் இருக்கின்றன. உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்கானது தேர்ட் பார்ட்டி. உங்கள் காருக்கே ஏற்படும் இழப்புக்கானது சொந்தச் சேதம், அதாவது ‘ஓ.டி.’. தேர்ட் பார்ட்டியின் விலையை நிறுவனங்கள் வைப்பதில்லை; மத்திய அரசு அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். உங்கள் காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 4,031 ரூபாய். மூன்று பட்டியல்களிலும் இந்தத் தொகை ஒன்றாகவே இருப்பதைப் பாருங்கள். ஓ.டி. பிரீமியத்துக்கு 2007 ஜனவரி முதல் கட்டுப்பாடு நீங்கிவிட்டதால் வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அது முக்கியமாக மூன்று எண்களால் ஆனது: காரின் மதிப்பாகப் பாலிசியில் எழுதப்படும் ஐ.டி.வி., கூடுதல் காப்புகள், நோ கிளெய்ம் போனஸ்.

6,200 ரூபாய்க்கு வந்திருக்கும் பட்டியலில் ஐ.டி.வி. 2,60,000 என்றும், 9,400 ரூபாய்ப் பட்டியலில் 3,50,000 என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து ஆண்டு வரை கார்களின் ஐ.டி.வி.க்கு நிர்ணயிக்கப்பட்ட கழிவு அட்டவணை உண்டு: ஓராண்டு கடந்ததும் 20, அடுத்தடுத்து 30, 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். அதற்குப் பிறகு நீங்களும் நிறுவனமும் ஒத்துக்கொள்ளும் மதிப்புதான். அந்த இடத்தில்தான் மதிப்பை இறக்கிப் பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது நடக்கிறது. கார் திருடுபோனாலும், பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பு என்று முடிவானாலும் உங்களுக்குக் கிடைப்பது இந்தத் தொகைதான். உங்கள் ஊர்ச் சந்தையில் இந்தக் கார் மூன்றரை லட்சத்துக்குப் போகுமென்றால், சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவதற்காக 90,000 ரூபாயை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

அதே 6,200 ரூபாய்ப் பட்டியலில் என் கண்ணில் பட்ட இன்னொன்று இதைவிட ஆபத்தானது. அதில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓ.டி. பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 என்று தள்ளுபடி ஏறும். ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினாலும் அடுத்த புதுப்பித்தலில், அந்தப் போனஸைக் காக்கும் தனிக் காப்பு இல்லையென்றால், அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். முடியப்போகும் பாலிசியில் நீங்கள் கிளெய்ம் வாங்கியிருப்பதால் உங்களுக்கு உரியது பூஜ்யம்தான். இணையத்தில் விவரம் நிரப்பும்போது ‘சென்ற ஆண்டு கிளெய்ம் இல்லை’ என்ற கட்டம் தானாகவே தேர்வாகி இருந்திருக்கலாம், அல்லது முகவர் அப்படி நிரப்பியிருக்கலாம். பணம் கட்டும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பெரிய கிளெய்ம் வரும்போது நிறுவனம் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கும். உறுதிமொழி பொய் என்று தெரிந்தால் ஓ.டி. பகுதியின் பயனையே மறுக்க விதி இடம் தருகிறது. இப்படி மறுக்கப்பட்ட கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர், படிக்காமல் ஒப்புக்கொண்டவர்கள். தயவு செய்து அந்தப் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள்.

போனஸைப் பற்றிப் பேசும்போது, சிறு கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடலாமா என்ற கணக்கையும் பார்த்துவிடலாம். 9,400 ரூபாய்ப் பட்டியலில் ஓ.டி. பகுதி வரிக்கு முன் சுமார் 4,000 ரூபாய். 50 சதவீதப் போனஸில் இருப்பவர் ஒரு கிளெய்ம் வாங்கினால் முதல் ஆண்டு 50, பிறகு 30, 25, 15, 5 சதவீதம் என்று ஐந்து புதுப்பித்தல்களில் மொத்தம் 125 சதவீதத்தை இழக்கிறார்: 5,000 ரூபாய், வரியோடு 5,900. கார் வயதாக ஆக ஓ.டி. பிரீமியம் குறையும் என்பதால் உண்மைத் தொகை இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் நிறுவனத்திடமிருந்து ஆறாயிரத்துக்குக் கீழே வரும் கிளெய்முக்குக் கையிலிருந்து செலவழிப்பதே லாபம். உங்கள் 25,225 ரூபாய்க் கிளெய்ம் வாங்கியது சரியான முடிவுதான். காரை விற்றாலும் சேர்ந்த போனஸ் உங்களுடையதே, காரோடு போகாது. மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அதைக் கொண்டுபோகலாம்.

தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா என்பதற்கு, முதலில் தேர்ட் பார்ட்டி என்ன தருகிறது என்று தெரிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி அது கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்துக்குப் பயந்து எடுப்பவர்கள் அதன் உண்மையான அளவை உணர்வதில்லை. உங்கள் கார் மோதி, மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கும் 30 வயதுக் கொத்தனார் ஒருவர் இறந்துபோகிறார், அவரை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்த முறைப்படி, எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழித்தால் மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000, அதை அந்த வயதுக்குரிய 17ஆல் பெருக்கினால் 42,84,000 ரூபாய். துணையை இழந்ததற்கும் ஈமச் சடங்குக்கும் தனித் தொகை, அதன் மேல் வட்டி. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பில்லாமல் இதை உங்களுக்காகக் கட்டுவதற்குத்தான் அந்த 4,031 ரூபாய். பிறர் சொத்துச் சேதத்துக்கு மட்டும் 7,50,000 ரூபாய் வரம்பு உண்டு. எனவே இது ஒருநாளும் விடுபடக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

ஆனால் தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில் பலருக்கும் தெரியாத ஓட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் காரிலேயே உட்கார்ந்து வரும் உறவினரோ நண்பரோ அந்தப் பாலிசிக்குள் வருவதில்லை என்பது நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொன்ன நிலைப்பாடு. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசியில் அவர்கள் காக்கப்படுகிறார்கள். 2009 நவம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதைச் சுற்றறிக்கையாகவே தெளிவுபடுத்தியது, 2012இல் உச்ச நீதிமன்றமும் அந்த வேறுபாட்டை ஏற்றது. கல்யாணத்துக்கு அத்தை, சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போகிறவர் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். உரிமையாளராக ஓட்டும் உங்களுக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்புத் தனியே உண்டு. அதே அளவு காப்பு உங்களிடம் வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால், அதைச் சொல்லி இந்தப் பாலிசியில் தவிர்த்துக்கொள்ளலாம்.

திருட்டு, தீ, புயல், வெள்ளம் இவற்றில் கார் போனாலும் தேர்ட் பார்ட்டியில் எதுவும் கிடைக்காது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நின்ற இடத்திலேயே கார்கள் மூழ்கின. ஓட்டுபவரின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முழுப் பாலிசி இருந்தவர்களுக்கும் அப்போது ஒரு தகராறு வந்தது, அது இன்ஜினைப் பற்றியது. தண்ணீர் புகுந்த காரைச் சர்வே செய்யும்போது முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறப்போம். காகித வடிகட்டியில் ஈரம் எதுவரை ஏறியது என்று சேற்றுக் கோடு காட்டிவிடும். பிறகு ஆயில் குச்சியை உருவினால், தண்ணீர் கலந்த எண்ணெய் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் வரும். அதுவரை பெரும்பாலும் கழுவி, எண்ணெய் மாற்றினால் தீரக்கூடிய சேதம்தான். யாராவது ‘ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்’ என்று சாவியைத் திருப்பியிருந்தால் கதை வேறு: சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்து சில சமயம் பிளாக்கையே உடைத்துவிடும். இது வெள்ளத்தின் நேரடிச் சேதமல்ல, பிறகு செய்த செயலின் விளைவு என்று நிறுவனங்கள் மறுக்கும். நுகர்வோர் ஆணையங்கள் இரு பக்கமும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. எனவே இந்த ஒரு விஷயத்தில் அடிப்படைப் பாலிசியை நம்பி இருங்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பு இதற்கானதுதான். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இழுவை வண்டியில் கொண்டுபோங்கள்.

உறுதியில்லாத பகுதிகள் வேறு சிலவும் உள்ளன. ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இல்லை, குடித்திருந்தார் என்றால் ஓ.டி. கிளெய்ம் போய்விடும் என்பது உறுதி. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினால் அதுவும் மீறல்தான். ஆனால் அப்படிப்பட்ட நிலையில் கார் திருடுபோன வழக்கில் 75 சதவீதம் கொடுக்கும்படி உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திருட்டைத் தாமதமாகத் தெரிவித்தார் என்பதை மட்டும் காரணமாக்கி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்றும், போலீசுக்கு உடனே போயிருந்தால் நிறுவனத்துக்குச் சொன்ன தாமதம் தடையல்ல என்றும் 2017இலும் 2020இலும் தீர்ப்புகள் வந்தன. இவற்றை நம்பித் தாமதிக்கலாம் என்று பொருளல்ல. மறுத்த கடிதம் வந்தால் சோர்ந்து விட்டுவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டாம் கையாக வாங்கிய கார் என்றால் ஒரு வார்த்தை: கார் உங்களுக்குக் கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியிலும் பெயரை மாற்றுங்கள். தேர்ட் பார்ட்டி தானாகவே புதியவருக்கு வந்துவிடும், ஓ.டி. அப்படி வராது.

அடுத்த முறை விபத்து நேர்ந்தால் காரை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், எண் பலகை தெரியும்படியும் படம் எடுத்துக்கொண்டு, அன்றே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துக் கிளெய்ம் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை பட்டறையில் எதையும் கழற்ற விடாதீர்கள். கழற்றிப் போட்ட பம்பரைப் பார்த்து, அது இந்த மோதலில் உடைந்ததா, முன்பே உடைந்திருந்ததா என்று எந்தச் சர்வேயரும் சொல்ல முடியாது. உங்கள் ஹெட்லைட்டில் கண்ணாடி நன்றாக இருந்து பிடிப்பு லாக் மட்டும் உடைந்திருந்தால், மாற்றுவதா ஒட்டுவதா என்பது சர்வேயரின் முடிவு. அந்த இடத்தில் நீங்கள் நேரில் நின்று பேசுவது பயன் தரும். யாருக்காவது காயம் என்றாலோ கார் திருடுபோனாலோ காவல் நிலையத்தில் புகார் அவசியம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திவிடாமல் எஃப்.ஐ.ஆர். வாங்குங்கள்.

2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த விதிகளின்படி தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும், அது வந்த 7 நாளுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வே அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் மேலே போட்ட கணக்கு பாகம் பாகமாக அதில் இருக்கும். திருப்தி இல்லையென்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது நிறுவனத்துக்கு வெளியே இருந்து புகாரைத் தீர்ப்பவரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையான வழக்குகளுக்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பழைய கிளெய்முக்காக அங்கே போக வேண்டாம், அந்தக் கணக்கு சரியாக இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 9,400 ரூபாய்ப் பட்டியலை எடுப்பேன். 13,800 ரூபாய்ப் பட்டியலில் கூடுதலாக வரும் 4,400 ரூபாய் ஜீரோ டெப்புக்கும் இன்ஜின் புரொடெக்ட்டுக்கும் சேர்த்து. சென்ற ஆண்டு போல ஒரு விபத்து ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால்தான் அது கட்டுப்படியாகும்; ஆறு ஆண்டில் ஒரே கிளெய்ம் வாங்கிய உங்களுக்கு அது வராது என்பது என் கணிப்பு. தெருவில் மழைநீர் தேங்கும் இடத்தில் காரை நிறுத்துகிறீர்கள் என்றால் இன்ஜின் புரொடெக்ட்டை மட்டும் தனியாகச் சேர்க்க என்ன விலை என்று கேளுங்கள். போனஸ் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, பழைய பாலிசி முடியும் தேதிக்கு முன்பே பணம் கட்டுங்கள். ஒரு நாள் தவறினாலும் காரை ஆய்வு செய்த பிறகே ஓ.டி. தருவார்கள், அந்த இடைவெளியில் நடக்கும் எதற்கும் காப்பு இருக்காது.